நர்சம்மா நினைவாக என்ன செய்யலாம்?

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு,

நர்சம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்த செய்தி எல்லாருக்கும் வந்திருக்கும். அடக்க ஆராதனை நல்லபடியாக முடிந்தது. ஊர் முகப்பில் நினைவு வளைவு கட்டலாம் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு என் பதில் கடைசியில். சின்ன வயதிலேயே வெளிநாடு போய்விட்ட பிள்ளைகளுக்காக முதலில் கொஞ்சம் பழங்கதை.

அவர் பயிற்சி எடுத்தது நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில். எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சாமர்வெல், 1922 பயணத்துக்கு அப்புறம் லண்டனில் கிடைக்கவிருந்த பெரிய வாழ்க்கையை விட்டுவிட்டு வந்து தங்கினாரே, அதே ஆஸ்பத்திரிதான். நர்சம்மா சேரும்போது அவர் வேலூருக்குப் போயிருந்தார். ஆனால் அவரோடு ஆபரேஷன் தியேட்டரில் நின்ற மூத்த சிஸ்டர்கள் அங்கே இருந்தார்கள். கையைக் கழுவாமல் தொட்டால் விழும் திட்டு அவர்கள் வழியாக நர்சம்மாவுக்கு வந்தது. அவரிடமிருந்து நம் ஊர் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டது.

அரசு வேலை கிடைத்ததும் நம் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்துக்கு வந்தார். அந்தக் காலத்தில் பிரசவம் வீட்டில்தான். தொப்புள்கொடியைக் கையில் கிடைத்த எதாலாவது அறுத்து, சாம்பலை வைப்பார்கள். ஒரு வாரத்துக்குள் குழந்தைக்கு வாய் இறுகும், பால் குடிக்காது, உடம்பு விறைத்துப் போய்விடும். பேய் அடித்தது என்பார்கள். நர்சம்மா பேயோடு சண்டை போடவில்லை. பிளேடையும் நூலையும் கொதிக்க வைத்தார், கர்ப்பிணிகளைத் துரத்திப் பிடித்து டி.டி. ஊசி போட்டார். பிறந்த குழந்தைக்கு வரும் அந்த ரணஜன்னியை, அதாவது டெட்டனஸை, இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015இல் அறிவித்தார்கள். யார் ஒழித்தது என்று கேட்டால், இவரைப்போல நடந்தே தேய்ந்த பெண்கள்தான் என்பேன்.

வீட்டிலும் அவருக்கு டூட்டிதான். அவர் கணவர், நம் மாமா, பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனது பெரியவர்களுக்குத் தெரியும். இரவு எத்தனை மணிக்குத் திரும்பினாலும் அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகைத் துடைத்த பிறகுதான் சாப்பாடு. இறக்கும்வரை மாமாவுக்கு ஒரு படுக்கைப்புண் வந்ததில்லை. பிள்ளைகளையும் இதற்கிடையில்தான் வளர்த்தார்.

கோவிலில் அவர் உட்காருவது வாசலோரக் கடைசி இடத்தில். யாராவது வந்து கூப்பிட்டால் பிரசங்கம் பாதியில் இருந்தாலும் எழுந்து போய்விடுவார். ஒரு போதகர் இதைப் பற்றிக் கொஞ்சம் முகம் சுளித்ததும் உண்டு. வேதத்தைப் பற்றி யாருக்கும் அவர் போதித்து நான் கேட்டதில்லை. விடியற்காலை ஜெபத்தில் ஊர்ப் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். சாதி, மதம் பார்த்த பட்டியல் அல்ல அது.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அப்போது ஓய்வு பெற்றிருந்தார். செய்தி வந்ததும் ஆராதனைச் சேலையோடு குளச்சலுக்குக் கிளம்பினார். காயங்களைக் கழுவிக் கட்டுப் போட்டுக்கொண்டு சில நாள் அங்கேயே கிடந்தார்.

சரி, வளைவு. எனக்கு அதில் சம்மதமில்லை. தன் பென்ஷனிலிருந்து நர்சிங் படிக்கும் பெண்களுக்குப் பீஸ் கட்டிவந்தவர் அவர். சிமென்டில் பணத்தைக் கொட்டினால் ஏசுவார். அந்தப் பணத்தை வருடா வருடம் நம் ஊரில் ஒரு பெண்ணின் நர்சிங் படிப்புக்கு வைக்கலாம் என்பது என் யோசனை. வளைவுக்கென்று ஏற்கெனவே பணம் அனுப்பியவர்கள், மாற்றிக்கொள்ளச் சம்மதமா என்று பொருளாளருக்கு எழுதுங்கள்.

இன்னொன்று. அவர் பீஸ் கட்டிப் படித்தவர்களில் சிலர் இப்போது குவைத்திலும் மஸ்கட்டிலும் வேலை பார்க்கிறீர்கள், இந்த மடலையும் படிப்பீர்கள். யார் யாருக்குக் கட்டினார் என்று அவர் எழுதி வைக்கவில்லை, பிள்ளைகளுக்கும் தெரியாது. கூச்சப்படாமல் எனக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள். முதல் பெண்ணைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் நீங்கள்தான் இருக்க வேண்டும்.