படுக்கையறைச் சுவர் அலமாரியைக் குறைந்த செலவில் சீரமைப்பது எப்படி?

மூடாத கதவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் படுக்கையறையில் சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரி ஒன்று இருக்கிறது. அதன் உள் அகலம் 180 செ.மீ., உயரம் 240 செ.மீ., ஆழம் 60 செ.மீ. தரையிலிருந்து 170 செ.மீ. உயரத்தில் ஹேங்கர் மாட்டுவதற்கான கம்பி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குறுக்கே ஓடுகிறது. அதற்குச் சற்று மேலே, 180 செ.மீ. உயரத்தில், ஒரே ஒரு மரத்தட்டு இருக்கிறது. இவற்றைத் தவிர உள்ளே தடுப்போ இழுப்பறையோ எதுவும் இல்லை.

இதை இருவர் பகிர்ந்துகொள்கிறோம். மேல்தட்டில் போர்வைகளும் பைகளும் கூரையைத் தொடும் அளவுக்கு ஏறியிருப்பதால், அடியில் இருக்கும் ஒன்றை உருவினால் மேலே இருப்பவை எல்லாம் சரிந்து விழுகின்றன. கம்பியில் மேலும் ஒரு சட்டையைச் செருக இடமில்லை. தரையில் காலணிப் பெட்டிகளும், மடித்து வைக்க இடம் கிடைக்காத துணிகளும் ஒரே குவியலாகக் கிடக்கின்றன. போதாததற்கு, மேல்தட்டின் நடுப்பகுதி கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தொய்ந்திருக்கிறது.

வாடகை வீடு என்பதால் சுவரிலோ அலமாரியிலோ புதிதாகத் துளையிட இயலாது. புதிய மரச்சாமான் வாங்கும் எண்ணமும் இல்லை. நான் கேட்க விரும்புபவை இவைதான்: வேலையை எங்கிருந்து தொடங்க வேண்டும்? இரண்டாவதாக ஒரு கம்பி மாட்டினால் இடம் இரட்டிப்பாகும் என்று பலரும் சொல்கிறார்களே, அது எங்கள் அலமாரிக்குப் பொருந்துமா? காற்றை உறிஞ்சிச் சுருக்கும் பைகளுக்குச் செலவழிப்பதில் பயன் உண்டா?

மடிப்புக்காரர் எழுதியது:

எதையும் வாங்காமல் தொடங்குங்கள் என்பதே என் முதல் பதில். பெட்டிகளையும் கூடைகளையும் முன்கூட்டியே வாங்கிவந்து, பிறகு அவற்றுக்குள் எதைப் போடுவது என்று யோசிப்பதால்தான் பெரும்பாலான சீரமைப்புகள் பாதியில் நின்றுபோகின்றன.

அலமாரியை முழுவதுமாகக் காலி செய்து, எல்லாவற்றையும் கட்டிலின் மேல் பரப்புங்கள். கட்டிலில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இரவு தூங்குவதற்குள் அந்த வேலை முடிந்தே ஆக வேண்டும். துணிகளை வகைவாரியாகப் பிரிப்பதற்கு முன், எவ்வளவு அடிக்கடி எடுக்கிறீர்கள் என்பதை வைத்துப் பிரியுங்கள். வாரந்தோறும் உடுத்துபவை, குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் தேவைப்படுபவை, எப்போதாவது ஒருமுறை எடுப்பவை என்ற மூன்று குவியல்கள் போதும். இடுப்புக்கும் கண்மட்டத்துக்கும் இடைப்பட்ட பகுதி முதற்குவியலுக்கு மட்டுமே உரியது. பருவ உடைகளை, வீட்டில் வெறுமனே கிடக்கும் பயணப் பெட்டிகளுக்குள் வைத்துவிடலாம். அந்தப் பெட்டிகள் எப்படியும் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

ஓராண்டாக உடுத்தாததை எல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லப்படும் விதியில் எனக்கு நம்பிக்கை இல்லை. எதை உடுத்தினோம், எதை உடுத்தவில்லை என்பது நம் நினைவில் சரியாகப் பதிந்திருப்பதில்லை. அதற்குப் பதிலாக, எல்லா ஹேங்கர்களின் கொக்கியையும் வழக்கத்துக்கு மாறாகப் பின்பக்கத்திலிருந்து முன்நோக்கி மாட்டுங்கள். உடுத்தித் துவைத்துத் திரும்ப வரும் துணியை மட்டும் வழக்கமான திசையில் மாட்டுங்கள். சில மாதங்கள் சென்றபின் திரும்பாத கொக்கிகள் எவை என்று பார்த்தால், முடிவெடுப்பது எளிதாகிவிடும்.

பின்னல் துணிகளைத் தொங்கவிடாதீர்கள். அவற்றின் எடையே தோள்பட்டையை இழுத்து வடிவத்தைக் கெடுத்துவிடும். ஜீன்ஸும் பனியன் துணிச் சட்டைகளும் மடித்தாலும் கெடுவதில்லை. எனவே கம்பியில் சுருங்கும் துணிகளும் நீளமான உடைகளும் மட்டும் இருக்கட்டும். மடித்தவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், ஒரே அகலத்தில் மடித்து, புத்தகங்களைப் போல நிமிர்த்திப் பெட்டிக்குள் வரிசையாக நிறுத்துங்கள். அப்படிச் செய்தால் ஒன்றை எடுக்கும்போது மற்றவை கலைவதில்லை. அதற்கு உங்கள் காலணிப் பெட்டிகளே போதும். படுக்கை விரிப்பையும் அதற்குரிய உறைகளையும் அந்தத் தலையணை உறைகளில் ஒன்றுக்குள்ளேயே வைத்துவிட்டால், ஒவ்வொரு தொகுப்பும் ஒரே பொதியாகக் கைக்கு வரும்.

இரண்டாவது கம்பியைப் பொறுத்தவரை, துளையிடத் தேவையில்லை. இருக்கும் கம்பியிலிருந்து இரண்டு சங்கிலிகளைத் தொங்கவிட்டு, அவற்றில் மற்றொரு கம்பியை மாட்டலாம்.

இழைப்புளி எழுதியது:

மேலே சொன்ன ஒழுங்குமுறைகளில் எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் சங்கிலியில் தொங்கும் இரண்டாவது கம்பி இந்த அலமாரிக்குப் பொருந்தாது என்பதைக் கணக்குப் போட்டால் தெரிந்துகொள்ளலாம். ஹேங்கரில் மாட்டிய ஒரு சட்டைக்குக் கம்பியிலிருந்து ஏறத்தாழ 100 செ.மீ. இறக்கம் வேண்டும். உங்கள் கம்பி 170 செ.மீ. உயரத்தில் இருப்பதால், மேல்வரிசைச் சட்டைகளின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் முடியும். அதற்குக் கீழே ஒரு கம்பியை வைத்தால், இரண்டாக மடித்துத் தொங்கவிட்ட காற்சட்டைகூடத் தரையில் உரசும். இரட்டைக் கம்பி அமைப்பில் மேற்கம்பி பொதுவாக 200 செ.மீ.க்கு மேலும், கீழ்க்கம்பி 100 செ.மீ. அளவிலும் இருக்கும். உங்கள் தட்டு 180 செ.மீ. உயரத்தில் குறுக்கே நிற்பதால் அதற்கு வழியில்லை. மேலும், ஏற்கெனவே நடுவில் தாங்கலின்றி 180 செ.மீ. நீளத்துக்கு ஓடும் கம்பியின்மேல் இன்னொரு கம்பியின் பாரத்தையும் ஏற்றுவது விவேகமல்ல.

உங்கள் அலமாரியில் குறைவாக இருப்பது பரப்பளவு அன்று, தாங்கல்தான். தட்டு தொய்ந்ததற்கும் இதுவே காரணம். மொத்தப் பாரம் மாறாமல் இருந்தாலும், இரு தாங்கல்களுக்கு இடைப்பட்ட தூரம் இரட்டிப்பானால் பலகையின் தொய்வு எட்டு மடங்காகிவிடும். அதாவது, நடுவில் ஒரு தாங்கல் கொடுத்தால் இதே பலகை இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். அழுத்தித் தயாரித்த மரத்தூள் பலகையாக இருந்தால், 18 மி.மீ. கனத்துக்கு 75 அல்லது 80 செ.மீ.க்கு மேல் தாங்கலின்றி விடவே கூடாது.

எனவே என் ஆலோசனை, தரையில் தானாக நிற்கும் ஒரு குறுகலான திறந்த அடுக்கைச் செய்து அலமாரிக்குள் நிறுத்துவது. அகலம் 40 செ.மீ., ஆழம் 50 முதல் 55 செ.மீ.; உயரம் தரையிலிருந்து கம்பியின் அடிப்பகுதி வரை. கம்பி அதன் உச்சிப்பலகையின்மேல் அமர்ந்துவிடும். கம்பிக்கு முன்னும் பின்னும் மீதமிருக்கும் இடைவெளியில், மேல்தட்டைத் தொடும் அளவுக்கு இரண்டு மரக்கட்டைகளை நிறுத்திவிட்டால், கம்பியின் பாரமும் தட்டின் பாரமும் நேராகத் தரைக்கு இறங்கும். சுவரில் ஒரு துளைகூடத் தேவையில்லை. வீட்டைக் காலி செய்யும்போது கழற்றி எடுத்துச் செல்லலாம். யாரேனும் கழித்துவிடும் பழைய புத்தக அடுக்கு கிடைத்தால், உயரத்தைச் சரிசெய்து பயன்படுத்தலாம். பழைய மரத்தூள் பலகையில் ஒருமுறை கழற்றிய திருகாணி அதே துளையில் மீண்டும் இறுகாது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். துளைக்குள் பசை தடவிய மரக்குச்சிகளைச் செருகி, நன்றாகக் காய்ந்தபின் திருகலாம், அல்லது சற்றுத் தள்ளிப் புதிய துளை இடலாம்.

அடுக்கு 40 செ.மீ. எடுத்துக்கொண்டாலும் கம்பியில் 140 செ.மீ. எஞ்சும். மெல்லிய ஹேங்கரில் ஒரு சட்டைக்கு 2.5 முதல் 3 செ.மீ. போதும் என்பதால், நாற்பத்தைந்துக்கும் மேற்பட்ட சட்டைகளுக்கு இடமிருக்கும். பருத்த மர ஹேங்கர்களை மெல்லியவையாக மாற்றுவது ஒன்றே நான் பணம் செலவழிக்கச் சொல்லும் இடம். சட்டைகளுக்குக் கீழே வெறுமனே கிடக்கும் 70 செ.மீ. உயரத்தில் தாழ்வான இழுப்பறைப் பெட்டியோ, இரண்டு நிலைக் காலணித் தட்டோ வைத்தால் தரைக்குவியல் மறைந்துவிடும். மேல்தட்டுக்கும் கூரைக்கும் நடுவே உள்ள 60 செ.மீ.யில், கால்கள் உள்ள ஒரு குட்டைப் பலகையை நிறுத்தி இரண்டு நிலைகளாக்குங்கள். மென்மையான பொருள்களை 30 செ.மீ.க்கு மேல் அடுக்கினால் அவை சரியத்தான் செய்யும்.

வெயில்முற்றம் எழுதியது:

ஒரு சிறு எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். அட்டைப்பெட்டிகள் இலவசமாகக் கிடைத்தாலும், ஈரப்பதம் உள்ள அறையில் அவை நல்ல தேர்வல்ல. இராமபாணப் பூச்சிகளுக்குக் காகிதமும் மாவுச்சத்தும் உணவு. அட்டை ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அலமாரி வெளிச்சுவரை ஒட்டி இருந்தால், பிளாஸ்டிக் பெட்டிகளையோ துணிக்கூடைகளையோ பயன்படுத்துவதும், பின்சுவருக்கும் துணிகளுக்கும் நடுவே சில செ.மீ. இடைவெளி விடுவதும் நல்லது. கஞ்சி போட்ட துணிகளை நீண்ட நாள் சேமிப்பதாக இருந்தால், கஞ்சி போக அலசிக் காயவைத்தபின் வையுங்கள்.

துணியை அரிப்பது அந்துப்பூச்சியின் புழுதான். வளர்ந்த பூச்சி துணியைத் தின்பதில்லை. கம்பளி, பட்டு போன்ற விலங்கு நார்களையே அந்தப் புழு பெரிதும் நாடும். வியர்வையும் கறையும் படிந்த இடங்களை முதலில் அரிக்கும். ஆகவே துவைத்து, முற்றிலும் உலர்த்தி, மூடிய பெட்டிக்குள் வைப்பதே முதற்பாதுகாப்பு. படுக்கையறை என்பதால் நாப்தலின் உருண்டைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த ஆவியை இரவு முழுவதும் சுவாசிக்க நேரிடும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நாப்தலின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் உதவும் என்றாலும், அவை நிறைந்தபின் எந்தப் பயனும் இல்லாமல் உள்ளே கிடக்கும். கதவுகளை அவ்வப்போது திறந்து வைப்பதற்குச் செலவே இல்லை.

சுருக்கும் பைகளைப் பற்றிய உங்கள் கேள்வி விடுபட்டுவிட்டது. செயற்கை இழை நிரப்பிய போர்வைகளுக்கும் தலையணைகளுக்கும் அவை பயன்படும். இறகு நிரப்பியவற்றையும் கம்பளியையும் மாதக்கணக்கில் அழுத்தி வைத்தால் அவற்றின் உப்பிய தன்மை குறையும். சிறிதளவு ஈரம் உள்ளே அடைபட்டாலும் பூஞ்சை பிடிக்கும். பை கனஅளவைத்தான் குறைக்கும். எடை அப்படியே இருக்கும் என்பதால், தொய்ந்த தட்டின்மேல் அத்தகைய பொதிகளை நிறைய ஏற்றாதீர்கள்.

மூடாத கதவு எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. நடுவில் தாங்கல் கொடுக்கும் யோசனை எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. எங்கள் அலமாரிக்கு இரண்டு நகரும் கதவுகள். ஒன்று மற்றொன்றின் பின்னால் செல்லும். அடுக்கைச் சரியாக நடுவில் வைத்தால் எந்தக் கதவைத் திறந்தாலும் அதில் பாதிதான் தெரியும் அல்லவா? அடுத்து, என்னுடன் அலமாரியைப் பகிர்பவருக்கு மூடிய பெட்டிகள் என்றாலே ஆகாது. மூடியைத் திறந்து எடுத்த பொருளை அதன் மேலேயே போட்டுவிடுவது வழக்கமாக இருக்கிறது.

மடிப்புக்காரர் எழுதியது:

இரண்டாவது ஐயத்துக்கு என் பதில்: அன்றாடப் பொருள்களுக்கு மூடியே வேண்டாம். கையால் இழுக்கக்கூடிய திறந்த கூடைகளை அடுக்கின் நடுநிலைகளில் வைத்துவிட்டு, மூடிய பெட்டிகளை மேல்தட்டுக்கு மட்டும் ஒதுக்குங்கள். ஒருமுறை உடுத்திய, ஆனால் இன்னும் துவைக்கத் தேவையில்லாத துணிகளுக்கென்று ஒரு கூடையைத் தனியாக விடுங்கள்; அந்தத் துணிகளுக்கு இடம் இல்லாததால்தான் பெரும்பாலும் தரையில் குவியல் உருவாகிறது. துணிகளை வகைப்படி கலந்து வைப்பதைவிட, இடப்பக்கம் ஒருவருக்கு, வலப்பக்கம் மற்றவருக்கு என்று பிரித்துவிட்டால், ஒருவருடைய பழக்கம் மற்றவருடைய வரிசையைக் கலைக்காது.

இழைப்புளி எழுதியது:

கதவுகளைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. நகரும் கதவுகள் நடுவில் சில செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படியும் என்பதால், அடுக்கை நடுக்கோட்டிலிருந்து ஒதுக்கி, இடப்பக்கச் சுவரிலிருந்து 95 முதல் 135 செ.மீ. வரையுள்ள இடத்தில் நிறுத்துங்கள். வலக்கதவைத் திறந்தால் அடுக்கு முழுவதும் தெரியும். தாங்கல் மிகச்சரியாக நடுவில் இல்லாவிட்டாலும், தட்டின் மிக நீளமான பகுதி 95 செ.மீ.யாகக் குறைந்துவிடுகிறது. மரத்தூள் பலகை என்றால் நான் சொன்ன அளவைவிட இது சற்று அதிகம். எனவே அந்தப் பகுதியின்மேல் கனமான பெட்டிகளை வைக்காமல், தலையணைகளையும் மெல்லிய போர்வைகளையும் மட்டும் வையுங்கள். இடப்பக்க 95 செ.மீ.யில் சட்டைகளையும் அவற்றின் கீழே இழுப்பறைப் பெட்டியையும், வலப்பக்க 45 செ.மீ.யில் தரைவரை இறங்கும் நீளமான உடைகளையும் வைக்கலாம். இடவலப் பிரிவை மடிப்புக்காரர் விரும்பினாலும், நீள உடைகளுக்கு மட்டும் இருவரும் அந்த வலக்கோடியைப் பகிர வேண்டியிருக்கும்.

பலகையை அறுப்பதற்கு முன், மேல்தட்டிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, தரையிலிருந்து கம்பி வரையுள்ள உயரத்தை அடுக்கு நிற்கப்போகும் இடத்திலேயே அளந்துகொள்ளுங்கள். முனைகளில் 170 செ.மீ. காட்டும் கம்பி, நடுவில் தொய்வினால் ஒன்றிரண்டு செ.மீ. தாழ்ந்திருக்கக்கூடும். அளவு மாறினால், முனையின் உயரத்துக்கே பலகையை அறுத்து, கம்பியை ஒருவர் மேலே தூக்கிப் பிடிக்க மற்றொருவர் அடுக்கை உள்ளே தள்ளினால், நிமிர்ந்த நிலையிலேயே கம்பி நின்றுவிடும். தட்டின் அடியில் வைக்கும் மரக்கட்டைகளையும் அதன்பிறகு அளந்து அறுப்பதே சரி.