அப்டேட்: பழைய மோட்டார்ஹோம் (உள்ளயே தங்கற வசதியுள்ள வண்டி) ஸ்டீயரிங் அலைச்சல், இப்போ நிலைமை

போன தடவை எழுதினேன்ல, பெரிய லாரி பக்கத்துல கடந்து போனாலே வண்டி ஒரு பக்கம் தள்ளுது, நேர் ரோட்டுலயும் ஸ்டீயரிங்க திருத்திக்கிட்டே இருக்க வேண்டியிருக்குன்னு. ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங் ஆட்டத்தை அமுக்கற ஷாக் அப்சார்பர் மாதிரி பாகம்) மாத்துங்கன்னு நிறைய பேர் சொன்னீங்க, நல்ல வேளை வாங்கறதுக்கு முன்னாடி முன் ஆக்சில், பின் ஆக்சில் (சக்கர அச்சு) மேல விழற எடையைத் தனித்தனியா போட்டுப் பார்த்தேன். தண்ணி டேங்க், சாமான் எல்லாம் பின் ஆக்சிலுக்கும் பின்னாடி இருக்கறதால முன்பக்கம் லேசாயிடுச்சு, டயர்லயோ அதோட சைடுல அச்சடிச்சிருக்கற அதிகபட்ச அளவுக்குக் காத்து! டயர் கம்பெனி எடை அட்டவணை பார்த்து காத்தைக் குறைச்சு, கனமான சாமானை முன்னாடி நகர்த்துனதுலயே பாதி அலைச்சல் போச்சு.

அப்புறம் ஒருத்தர ஸ்டீயரிங்க இப்படி அப்படி ஆட்டச் சொல்லி நான் கீழ படுத்துப் பார்த்தா, ஸ்டீயரிங் பாக்ஸ் கை முதல்ல அசையுது, டை ராடு (சக்கரத்தைத் திருப்பற கம்பி) முனை ஒரு நொடி கழிச்சுத்தான் அசையுது, இணைப்புல இருக்கற ரப்பர் புஷ் வெடிச்சு தூளா உதிருது. டேம்பர் போட்டிருந்தா இதெல்லாம் மறைஞ்சுதான் போயிருக்கும். தேஞ்ச பாகங்களை மாத்திட்டு, அலைன்மெண்ட்ல காஸ்டரையும் (பக்கத்துல இருந்து பார்த்தா முன் சக்கரம் திரும்பற அச்சோட சாய்வு) அனுமதிச்ச அளவுக்குள்ள கூட்டி வச்சதுல வளைவு முடிஞ்சதும் வீல் தானா நேராகுது, மனசுக்கு அவ்ளோ நிம்மதி.

பின்பக்கம் பக்கவாட்டுல ஆடறது மட்டும் இன்னும் இருக்கு, அடுத்து பான்ஹார்ட் ராடு (ஆக்சில் பக்கவாட்டுல நகராம பிடிச்சு வைக்கற கம்பி).