92 கெல்வினுக்கு மேலே இருந்த நேர்கோடு

மீக்கடத்தி, அதாவது போதிய குளிரில் மின்தடை முழுதும் மறைந்துபோகும் பொருள், என்றதும் நினைவுக்கு வருவது என்ன என்ற கேள்விக்கு, இங்கே எழுதிய பலரும் அதன்மேல் காந்தம் மிதந்ததைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் மீக்கடத்தி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது வரைபடத்தாளில் விழுந்த ஒரு நேர்கோடு.

எம்.எஸ்சி. கடைசி ஆண்டு ப்ராஜெக்டுக்கு இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு என்ற மீக்கடத்தியைச் செய்யச் சொன்னார்கள். இட்ரியம் ஆக்சைடு, பேரியம் கார்பனேட், காப்பர் ஆக்சைடு மூன்றையும் நிறுத்து எடுத்து, சித்த வைத்தியர் மருந்து அரைப்பதுபோல் கல்வத்தில் மணிக்கணக்கில் அரைக்க வேண்டும். 900 டிகிரிக்கு மேல் உலையில் சுட்டு, திரும்ப அரைத்து, வில்லையாக அழுத்தி, திரும்பவும் சுட வேண்டும். என் முதல் வில்லை பச்சையாக வந்தது. தாமிரம் குறைந்த வேறொரு சேர்மம் உருவாகிவிட்டால் அந்த நிறம் வரும்; அதில் மின்சாரம் பாயாது. இரண்டாவது வில்லை கன்னங்கரேல் என்று இருந்தது. ஆக்சிஜன் ஓடவிட்டு மெதுவாக ஆறவிட்டோம். ஆக்சிஜன் போதாவிட்டால் இந்தப் பொருள் மீக்கடத்தியே ஆகாது.

அப்புறம் வெள்ளிப் பசையால் நான்கு கம்பிகள் ஒட்டினேன். வெளியே உள்ள இரண்டில் மின்னோட்டம், உள்ளே உள்ள இரண்டில் மின்னழுத்தம். ஒரு கம்பி பிய்ந்தால் அன்றைய பொழுது போச்சு. திரவ நைட்ரஜனில் இறக்க இறக்க, 92 கெல்வின் (சுமார் −181 டிகிரி செல்சியஸ்) பக்கத்தில் மின்னழுத்தம் சட்டென்று விழுந்தது, அதாவது தடை மறைந்தது. அறையில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள்.

மாலையில் அளவுகளைத் தாளில் குறித்தபோது, வழிகாட்டிப் பேராசிரியர் சரிவைப் பார்க்கவே இல்லை. அதற்கு மேலே, அறை வெப்பநிலை வரை போன புள்ளிகளின்மேல் ஸ்கேலை வைத்தார். எல்லாம் ஒரே கோட்டில் இருந்தன. “இதுக்குத்தாம்மா இன்னும் பதில் இல்லை” என்றார்.

எனக்குப் புரியவில்லை. வெப்பம் ஏறினால் தடை ஏறுகிறது, இதில் என்ன புதிர்? தாமிரக் கம்பியிலும் அணுக்களின் அதிர்வில் எலக்ட்ரான்கள் சிதறித் தடை ஏறத்தான் செய்யும். ஆனால் குளிரக் குளிர அந்த அதிர்வு அடங்கிவிடும், கோடு வளைந்து படுத்துவிடும். எலக்ட்ரான்கள் தங்களுக்குள் மோதுவதால் வரும் தடையோ வெப்பநிலையின் இருமடிப்படி மாறும். குப்ரேட்டில், அதாவது என் வில்லையைப் போன்ற தாமிர ஆக்சைடு மீக்கடத்திகளில், அப்படி இல்லை. 1990இல் பிஸ்மத் சேர்ந்த ஒரு குப்ரேட்டை அளந்தார்கள். 7 கெல்வினிலிருந்து 700 கெல்வின் வரை கோடு வளையவில்லை. 7 கெல்வினில் அதிர்வைக் காரணம் சொல்ல முடியாது. மறுமுனையில், 1987லேயே குர்விட்ச், ஃபியோரி இருவரும் லாந்தனம் ஸ்ட்ரான்ஷியம் குப்ரேட்டை 1100 கெல்வின் வரை சூடாக்கிப் பார்த்தார்கள். அங்கேயும் தடை ஒரு மட்டத்தில் நின்றுவிடாமல் ஏறிக்கொண்டே போனது.

*

மேலே வில்லை சுட்ட கதையை எழுதியவருக்கு என் பதில்: உங்கள் கோடு 92 கெல்வினில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே அது எங்கே போகிறது என்று தேடும் வேலையில் மூன்று ஆண்டுகள் இருந்தேன், பிரான்சின் துலூஸ் நகரில்.

மீக்கடத்தல் வந்துவிட்டால் தடை சுழியம், அடியில் இருப்பது தெரியாது. அதனால் பெரிய காந்தப்புலத்தால் மீக்கடத்தலை அழித்துவிட்டு அளக்க வேண்டும். எல்லோரும் வெளியே வந்து கதவைப் பூட்டிய பிறகே, மின்தேக்கிகளில் சேர்த்துவைத்த மின்சாரத்தைக் காந்தச் சுருளுக்குள் திறந்துவிடுவோம். ‘தொம்’ என்று ஒரு சத்தம். கண்ணிமைக்கும் நேரத்தில் புலம் 60 டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) வரை ஏறி இறங்கிவிடும். பிறகு சுருள் குளிர ஒரு மணி நேரம் போலக் காத்திருக்க வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்தால் கோட்டில் ஏழெட்டுப் புள்ளி கிடைக்கும்.

நான் போவதற்கு முன்பே, 2009இல், நியோடைமியம் கலந்த லாந்தனம் குப்ரேட்டில் ஒரு முக்கியமான அளவீடு வந்திருந்தது. ஒரு தாமிர அணுவுக்கு 0.24 துளை (எலக்ட்ரான் இல்லாத காலியிடம்) என்ற அளவில் மாசூட்டினால், அதாவது வேற்று அணுக்களைச் சேர்த்தால், கோடு ஏறக்குறைய தனிச்சுழி (0 கெல்வின்) வரை நேராக இறங்குகிறது. 0.20க்குக் குறைத்தால் குளிரில் தடை மேல்நோக்கித் திரும்பிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு நிலை முடிந்து வேறொன்று தொடங்குகிறது. பனிக்கட்டியை உருக்குவது வெப்பம். இங்கே தனிச்சுழியில் வெப்பமே கிடையாது, துளைகளின் எண்ணிக்கைதான் நிலையை மாற்றுகிறது. இதைத்தான் குவாண்டம் மாறுநிலைப் புள்ளி என்கிறோம். அதன் தாக்கம் மேல் வெப்பநிலைகளில் விசிறிபோல் விரியும். அந்த விசிறிக்குள் எலக்ட்ரான்களுக்கு வெப்பநிலையைத் தவிர வேறு அளவுகோல் இல்லை. அதனால் சிதறலும் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது வாதம்.

அந்தச் சிதறலுக்கு ஆகும் நேரம் பிளாங்க் மாறிலி, போல்ட்ஸ்மேன் மாறிலி, வெப்பநிலை மூன்றை மட்டும் வைத்துக் கணக்கிடும் நேரத்துக்கு மிக அருகில் வருகிறது என்று 2019இல் கனடாவின் ஷெர்புரூக் குழுவும் கூட்டாளிகளும் பல குப்ரேட்டுகளில் காட்டினார்கள். அறை வெப்பநிலையில் அது ஒரு நொடியை நாற்பது லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. முதலில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் இதோடு முடிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே புள்ளிதான் காரணம் என்றால் அதைவிட்டு விலகியதும் நேர்கோட்டுப் பகுதி மறைய வேண்டும். ஸ்ட்ரான்ஷியம் சேர்த்த குப்ரேட்டில் மாசூட்டலை மிகவும் கூட்டின பிறகும் அதன் ஒரு பங்கு மிச்சம் இருக்கிறது. எனக்கு இந்த விலகல்தான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது.

*

முதலில் எழுதியவள் மறுபடியும்: என் வில்லையை எப்போதோ தொலைத்துவிட்டேன். அந்த வரைபடத்தாள் அம்மா வீட்டுப் பரணில் இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது தேடி எடுத்துப் படம் போடுகிறேன். சார் வைத்த ஸ்கேலின் ஓரத்துப் பென்சில் கோடு அதில் இன்னும் இருக்கும்.