‘அறிவு’ என்னும் கொடையைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

இயேசுவுக்கே புகழ்! எங்கள் பங்கில் உறுதிபூசுதல் என்னும் அருளடையாளத்துக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். போன ஞாயிறு தூய ஆவியாரின் ஏழு கொடைகளைக் கரும்பலகையில் எழுதினேன். ‘அறிவு’ என்று எழுதியதுமே எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், நான் கணக்குல ஃபெயில். எனக்கு இது கிடைக்காதா?" என்றான். கண் கலங்கியிருந்தது. "கிடைக்கும்பா" என்றேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

இது படிப்பறிவு அல்ல, படைப்பைக் கடவுளின் கண்கொண்டு பார்க்கவைக்கும் அருள் என்பது தெரியும். 2014 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸும் தம் மறைக்கல்வி உரையில் அப்படித்தான் விளக்கினார். இடைக்கால இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ் இன்னும் ஆழமாகப் போய், ‘துயருறுவோர் பேறுபெற்றோர்’ என்ற இயேசுவின் வாக்கோடு இதை இணைக்கிறார். கடவுளை விட்டுப் படைப்பைப் பற்றிக்கொண்டதை உணர்ந்து அழுவதும் இந்த அறிவால்தானாம். படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் 13 வயதுப் பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது?

சொற்களும் குழப்புகின்றன. இந்தக் கொடைகளைச் சொல்லும் எசாயா 11:2-இல் நம் விவிலியப் பொது மொழிபெயர்ப்பு இதை ‘நுண்மதி’ என்கிறது; அம்மா மனப்பாடமாகச் சொல்வதோ ‘அறிவு’. 1 கொரிந்தியர் 12:8-இல் வரும் அறிவுச் சொல்வளம் வேறு வரம் என்பதையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

மறைக்கல்வி ஆசிரியர்களே, அருள்சகோதரிகளே, தந்தையர்களே, ஏழு கொடைகளில் ஞானம், மெய்யுணர்வு, அறிவு மூன்றையும் வேறுபடுத்த வீட்டிலோ வயலிலோ பிள்ளைகள் பார்க்கிற உதாரணம் ஏதாவது சொல்லுங்கள். வரும் ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் வகுப்பு. அந்தப் பையன் முன்வரிசையில்தான் உட்காருவான்.