கையைத் தூக்கியது யார்? கிருபையும் சுயசித்தமும் முட்டிக்கொண்ட இடங்கள்

மூன்றாம் பெஞ்சு:
எங்கள் சபைக் கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி ராத்திரி. "தலைகள் வணங்கியிருக்கட்டும், கண்கள் மூடியிருக்கட்டும், ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்." மற்றது உங்களுக்கே தெரியும். கை உயர்த்தியவர்களுக்குக் கொடுக்கிற முடிவு அட்டையை நிரப்பிக்கொண்டிருந்த ஒரு அம்மா "இன்று தீர்மானித்தேன்" என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டார். "தம்பி, கையை நான் தூக்கினேனா, அவர் தூக்க வச்சாரா? நான்தான்னா பெருமை எனக்குல்லா?" ஆலோசகர் தம்பி "ரெண்டுந்தாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அந்த "ரெண்டுந்தாம்மா" உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஒன்று கவனியுங்கள். இப்படி ஆளை முன்னே அழைக்கிற முறையைப் பரப்பியதில் சார்லஸ் ஃபின்னி என்ற பிரசங்கியாருக்குப் பெரிய பங்கு உண்டு. 1830-31இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் முன்வரிசையில் தனி இருக்கை போட்டுத் தவிப்போடு இருப்பவர்களை அங்கே உட்காரச் சொன்னார். சரியான வழிமுறையைச் சரியாகக் கையாண்டால் எழுப்புதல் (பலர் ஒருசேர மனந்திரும்புவது) வரும் என்பது அவர் வாதம். சீர்திருத்த சபையின் ஜான் நெவின் 1843இல் அந்த இருக்கையை எதிர்த்தே ஒரு புத்தகம் எழுதினார். ஆக, அழைப்பு முறையே மனுஷன் எடுக்கிற முடிவின் பக்கம் சாய்ந்த பதிலை வைத்துக்கொண்டுதான் அந்த அம்மாவிடம் வருகிறது.

சொற்பொருள்:
வேதபாடத்தில் எபேசியர் 2:8 வந்தாலே ஒரு விரல் "இது" என்ற சொல்லில் போய் நிற்கும். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." எது ஈவு? விசுவாசமா? அப்படியானால் கையைத் தூக்க வைத்ததும் அவரே, கதை முடிந்தது என்பார்கள்.

முடியவில்லை. கிரேக்கத்தில் கிருபை (காரிஸ்), விசுவாசம் (பிஸ்டிஸ்) இரண்டும் பெண்பால். "இது" (டூட்டோ) பொதுப்பால். இலக்கணப்படி இரண்டில் எதையும் நேராகச் சுட்டவில்லை. "கிருபையால் இரட்சிக்கப்பட்டது" என்ற முழுச் செய்தியையும் சுட்டுகிறது என்பதே பொருத்தமான வாசிப்பு. தமிழில் இந்த முடிச்சு கண்ணுக்கே தெரியாது. நமக்குக் கிருபையும் அஃறிணை, விசுவாசமும் அஃறிணை, எல்லாமே "இது"தான். தமிழ் வசனத்தை மட்டும் வைத்துச் சண்டை போடுகிறவர்கள் இல்லாத ஆதாரத்தில் நிற்கிறார்கள். ஆனால் முழுச் செய்தியும் ஈவு என்றால் விசுவாசமும் அதற்குள்தானே இருக்கிறது என்று மறுபக்கம் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

வலைக்காரர்:
இலக்கணத்தில் ஒளிந்துகொள்ள வேண்டாம், சொற்பொருள். யோவான் 6:44ஐ எடுங்கள். பிதா "இழுத்துக்கொள்ளாவிட்டால்" ஒருவனும் வரமாட்டான். அதே கிரேக்க வினைதான் 21:11இல் பேதுரு வலையைக் கரைக்கு இழுக்கும்போது. 153 பெரிய மீன். ஒன்றாவது கையைத் தூக்கியதா? அப்போஸ்தலர் 16:19இல் பவுலையும் சீலாவையும் சந்தைவெளிக்கு இழுத்துக்கொண்டு போனதும் அதே வினை. யாரும் அவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை.

சொற்பொருள்:
யோவான் 12:32ஐ ஏன் விட்டுவிட்டீர்கள், ஐயா? "எல்லாரையும் என்னிடத்தில் இழுத்துக்கொள்ளுவேன்." அங்கேயும் அதே வினை. இழுக்கப்பட்டவர் தப்பவே முடியாது என்றால் உலகத்தில் ஒருவர்கூட மிஞ்சக்கூடாது. "எல்லாரும்" என்றால் யூதர், புறஜாதியார் என எல்லா இனத்தாரும் என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள், ஆனால் அது வினைச்சொல்லிலிருந்து வருகிற வாதம் அல்ல.

லத்தீன் வகுப்பு:
நீங்கள் கிருபை என்பதை நாங்கள் அருள் என்போம், கத்தோலிக்கத் தரப்பிலிருந்து ஒரு காட்சி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கம். மனிதன் தன் சித்தத்தாலேயே கடவுளுக்குக் கீழ்ப்படிய முடியும் என்று போதித்தவர் பெலாஜியுஸ். ரோமாபுரியில் அவர் முன்னால் ஆயர் ஒருவர், வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீனாரின் மன்றாட்டைச் சொல்லிக்காட்டினார்: "நீர் கட்டளையிடுவதைத் தாரும், நீர் விரும்புவதைக் கட்டளையிடும்." பெலாஜியுஸுக்குப் பொறுக்கவில்லை. சொன்னவரோடு சண்டைக்கே போகிற அளவு கொதித்தார் என்று அகுஸ்தீனாரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். கீழ்ப்படிதலையும் கடவுளே தருவதானால் கீழ்ப்படியாதவனை எப்படிக் குற்றம் சொல்வது? இதுதான் அவருடைய எரிச்சல். அந்த அம்மாவின் கேள்வியை அப்படியே திருப்பிப் போட்டது இது.

415இல் பாலஸ்தீனத்தின் தியோஸ்போலிஸில் ஆயர்கள் பெலாஜியுஸைக் குற்றமற்றவர் என்று விட்டார்கள். 418இல் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் அவர் போதனையைக் கண்டித்தது. அதோடு ஓயவில்லை. "சரி, அருள் வேண்டும், ஆனால் முதல் அடி நம்முடையது" என்று தெற்கு காலியாவில் (இன்றைய பிரான்சில்) துறவிகள் சிலர் சொன்னார்கள். 529இல் அங்கே ஆரஞ்சு என்ற ஊரில் கூடிய சங்கம் அதையும் மூடியது. நம்பிக்கையின் தொடக்கமும், நம்ப வேண்டும் என்ற விருப்பமும்கூட அருளின் கொடை என்றது. அதே மூச்சில், தீமைக்கென்று கடவுள் யாரையாவது முன்குறித்தார் என்பவரைச் சபித்தது.

1547இல் திரெந்து சங்கம் இன்னொன்றைச் சேர்த்தது: கடவுள் தூண்டிய சித்தம் இசைகிறது, விரும்பினால் மறுக்கவும் முடியும். அந்த ஆலோசகர் தம்பி ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்லியிருந்தால் போதும்: "அவர் முதலில் அம்மா, நீங்கள் பின்னால்."

மறுக்க முடிகிற அருள் எப்படித் தவறாமல் பலிக்கிறது என்று தோமினிக்கர்கள், இயேசு சபையார் என்ற இரு துறவற சபையாரும் ரோமையில் ஒன்பது ஆண்டுக்கு மேல் வாதாடினார்கள். 1607இல் ஐந்தாம் பவுல் பாப்பரசர் தீர்ப்பே சொல்லாமல், ஒருவரை ஒருவர் பழிக்காதீர்கள் என்று அனுப்பிவிட்டார். எனக்குப் பிடித்த தீர்ப்பு.

டார்ட்காரன்:
ஒரு திருத்தம். அர்மீனியக்காரர் (அர்மீனியுஸ் என்ற டச்சு இறையியலாளரின் வழி வந்தவர்கள்) என்றால் "மனுஷன் தன் பலத்தில் நம்பலாம் என்பவர்" என்று மேடையில் சொல்கிறார்கள். தப்பு. 1610இல் அவர்கள் கொடுத்த ஐந்து கூற்றுகளில் மூன்றாவதே, மனுஷன் தன்னால் நன்மையை நினைக்கவும் முடியாது என்கிறது. தகராறு நாலாவதில்: கிருபை தடுக்கமுடியாததல்ல. அதனால்தான் அவர்களை மறுத்த டச்சு சீர்திருத்த சபையின் டார்ட் சங்கம் (1618-19) மூன்றையும் நான்கையும் ஒரே தலைப்பாகக் கட்டிப் பதில் சொன்னது. வைணவத்தின் பூனைக்குட்டி, குரங்குக்குட்டி உவமையை (தென்கலைக்குத் தாயே கவ்விச் சுமக்கிற பூனைக்குட்டி, வடகலைக்குத் தாயைப் பற்றிக்கொள்கிற குரங்குக்குட்டி) இங்கே ஒட்டுகிறவர்களும் கவனம். வடகலையிலும் குட்டியின் பிடி வெறும் வியாஜம்தான் (ஒரு சாக்குதான்), சுமப்பது தாயே.

பழைய ஏற்பாடு:
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இதை வகுப்பில் எடுக்கிறவர்கள், தேவன் எகிப்து ராஜா பார்வோனைக் கடினப்படுத்தியதைப் பேசுகிற ரோமர் 9இல் ஆரம்பிக்காதீர்கள். பத்தாவது நிமிஷத்தில் "அப்போ பார்வோன் என்ன பாவம் செய்தான்?" என்று வரும். யாத்திராகமம் 4 முதல் 14 வரை வாசிக்கக் கொடுங்கள், கையில் மூன்று வண்ணப் பென்சில். கர்த்தர் கடினப்படுத்துவதற்கு ஒரு வண்ணம்: 4:21, 7:3, 9:12, 10:1, 10:20, 10:27, 11:10, 14:4, 14:8, 14:17. பத்து இடம். பார்வோன் தானே கடினப்படுத்துவதற்கு இன்னொன்று: 8:15, 8:32, 9:34. யார் என்று சொல்லாமல் இருதயம் கடினமாயிருந்தது என்று மட்டும் வருவதற்கு மூன்றாவது: 7:13, 7:14, 7:22, 8:19, 9:7, 9:35.

பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். எகிப்தின்மேல் கர்த்தர் அனுப்பிய வாதைகள் தொடங்கியபின் "கர்த்தர் கடினப்படுத்தினார்" என்று முதன்முதலாக வருவது ஆறாவது வாதையான கொப்புளங்களில்தான். அதுவரை ஒன்று பார்வோன் கைவரிசை, இல்லாவிட்டால் யார் என்று சொல்லாத மூன்றாம் வண்ணம்.

இங்கேதான் வகுப்பு கவிழும். சுயசித்தப் பக்கம் கைதட்ட ஆரம்பிக்கும்போது, முதல் வண்ணத்தின் முதல் இரண்டு வசனங்களையும் யாராவது காட்டியே ஆகவேண்டும். 4:21உம் 7:3உம் வாதைக்கு முன்பே சொல்லப்பட்டவை. அதை மறைத்தால் அடுத்த வாரம் விவரமான பையன் ஒருவன் கொண்டுவருவான், உங்கள் மானம் போகும். பழைய ஆங்கில கிங் ஜேம்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 7:13இல் "அவர் கடினப்படுத்தினார்" என்று இருக்கும். எபிரேயத்தில் அப்படி இல்லை, தமிழில் சரியாக இருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கால்மணி நேரம் அதிலேயே போகும்.

அடுத்த வாரம் பிலிப்பியர் 2. 12ஆம் வசனத்தோடு நிறுத்துகிற பழக்கத்தை விடுங்கள். "உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்று முடிந்ததும் 13 "ஏனெனில்" என்று தொடங்குகிறது, "விருப்பத்தையும் செய்கையையும்" உண்டாக்குகிறவர் தேவன் என்கிறது. "ஆனாலும்" என்று அல்ல, "ஏனெனில்" என்று. அந்த ஒரு சொல்லுக்கு முழு மணி நேரம் கொடுக்கலாம்.

வலைக்காரர்:
அது சரி, மூன்றாம் பெஞ்சு. அந்த அம்மா கடைசியில் கட்டத்தில் டிக் போட்டாங்களா இல்லையா?

மூன்றாம் பெஞ்சு:
இல்லை. பெயரும் ஊரும் மட்டும் எழுதி, பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.