மறு: 'கோட் ரிவ்யூ'வுக்குத் தமிழில் என்ன? 'நிரல் நோட்டம்' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். ஒருவர் எழுதிய நிரலை, அதாவது கணினிக்கான கட்டளைத் தொகுப்பை, இன்னொருவர் படித்துப் பார்த்துக் குறைநிறை சொல்வதுதான் 'கோட் ரிவ்யூ'. அதற்கு 'நிரல் நோட்டம்' என்ற சொல்லுக்கு வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> 'நிரல் மீளாய்வு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

இருக்கிறதுதான் அண்ணே. ஆனால் இங்கே கீழக்கரைப் பக்கம் 'ஆய்வு' என்றாலே ஆட்சியரின் ஆய்வுக் கூட்டம்தான் நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு ஞாபகம் வருகிறது. ஒருவர் கேட்பார், மற்றவர் கைகட்டி நிற்பார். 'சீராய்வு' அதைவிட மோசம், மனுப் போடத் தோன்றும். கூடப் படிக்கிறவர் பார்த்துச் சொல்வதற்கல்லவா நமக்குச் சொல் வேண்டும்?

விசைப்படகு வீட்டுப் பையன் ஒருவன், ஒரு முறை கடலுக்குப் போனால் சராசரியாக எத்தனை கிலோ மீன் என்று மாதவாரியாகக் கணக்கிடப் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதியிருந்தான். "நல்லா இருக்கு" என்றான் ஒருவன். "மாறிகளுக்கு ஒழுங்கான பெயர் வை" என்றான் இன்னொருவன். பாம்பன் பிள்ளை ஒருத்திதான், "மே மாசத்துக்கு ஓட்டிப் பார்த்தியா?" என்று கேட்டாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மே முழுக்கப் படகு கரையில்தான், பயணம் சுழியம். சுழியத்தால் வகுக்கப் போய் நிரல் படுத்துவிட்டது. விடையை அவள் சொல்லவில்லை. அவனே திருத்தினான். அப்புறம் தன் பழைய நிரல்களில் வகுத்தல் வரும் இடங்களையும் தேடிப் பார்த்தான். இந்த இரண்டாவது வேலைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

அதனால்தான் 'நிரல் நோட்டம்'. நாணயத்தைச் சோதித்துத் தரம் சொல்பவருக்கு நோட்டக்காரர் என்ற பெயர் தமிழில் உண்டு. அவர் பார்ப்பது காசை, கொண்டுவந்த ஆளை அல்ல. ஐபிஎம்மின் மைக்கேல் ஃபேகன் 1976இல் வெளியிட்ட, நிரலைக் கூடிப் பார்க்கும் முறையிலும் கூட்டத்தின் வேலை பிழையைக் கண்டுபிடிப்பதோடு சரி, திருத்துவது எழுதியவர் பாடு.

> நோட்டம் விடுவது திருடன் வேலையாச்சே?

சிரித்துவிட்டேன். 'விடு' சேர்ந்தால்தான் திருடன் வருவான், நாம் 'நோட்டம் பார்' என்போம். ஒரு வரியைக் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் கட்டளைக்கு, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளில் 'பிளேம்' என்றுதானே பெயர்? அதே வகை மென்பொருளான சப்வெர்ஷனில் அதையே 'பிரெய்ஸ்' என்றும் தட்டலாம். ஒன்றில் பழி, மற்றதில் பாராட்டு, திரையில் வருவதென்னவோ ஒன்றேதான்!

பார்த்தவர் எழுதும் கருத்துக்கு 'பின்னூட்டம்' என்றால், அது வலைப்பதிவுக் கருத்துரையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இங்கே 'நோட்டக் குறிப்பு' என்று வைத்துக்கொள்ளலாம். பார்ப்பவர் நோட்டகரா, நோட்டக்காரரா? என் வாக்கு இரண்டாவதுக்கு. 'புல் ரிக்வெஸ்ட்'டை, அதாவது என் மாற்றத்தை உங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதை, இந்த இழைக்குள் இழுக்காதீர்கள், அதற்குத் தனி மடல் போடுங்கள்.