பத்தியாத்தோவின் முதல் ஆல்பம் ‘ஃபேத்துஸ்’: எதில் கேட்பது, எந்தப் பதிப்பு, அந்த சின்த் எது?

மெட்டுக்காரன்:
இத்தாலியப் பாடகர் ஃப்ராங்கோ பத்தியாத்தோ என்று தேடினால் எல்லோரும் 1981-இல் வந்த ‘லா வோச்சே தெல் பத்ரோனே’வைத்தான் கை காட்டுகிறார்கள். இத்தாலியில் பத்து லட்சம் பிரதிகள் விற்ற முதல் ஆல்பம் அது, சரி. ஆனால் 1972-இல் ‘ப்ளா ப்ளா’ நிறுவனம் வெளியிட்ட ‘ஃபேத்துஸ்’ பற்றி உருப்படியாக எழுதியவர்கள் குறைவு. மூன்று சந்தேகங்கள். போனில் போட்டால் முதல் பாட்டின் தொடக்கம் வெறும் மௌனமாக இருக்கிறது, ஃபைல் கெட்டுவிட்டதா? நெளிந்து நெளிந்து வரும் அந்த ஒலி எந்தக் கருவி, அதைக் கணினியில் கொண்டுவர முடியுமா? ஒரே ஆல்பம் இரண்டு எழுத்துக்கூட்டலில் விற்கிறதே, எதை வாங்குவது?

ஊசிமுனை:
ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆல்பம் இதயத் துடிப்பில் தொடங்குகிறது. அது அடித்தளத்து பேஸ் ஒலி, போனின் சின்ன ஸ்பீக்கருக்கு எட்டாது. ஹெட்போன் போடுங்கள். கேட்கவில்லையே என்று வால்யூமை மட்டும் ஏற்றிவிடாதீர்கள், அடுத்து குரல் வரும்போது காது கிழியும். பிளேயரில் பாட்டுக்குப் பாட்டு வால்யூமைச் சமன் செய்யும் வசதியையும், ஒரு பாட்டின் வாலில் அடுத்ததைக் கலக்கும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிடுங்கள். ஷஃபிள் கூடவே கூடாது. எட்டே பாட்டு, அரை மணி நேரத்தை ஒட்டித்தான் மொத்த நீளம்.

பதிப்பு: தலைப்பில் எஃப்-க்கு அடுத்து ‘ஓ’ கூடுதலாக இருந்தால் அது ஆங்கிலத்தில் பாடியது. பதிவானபோது வெளிவராமல் பல ஆண்டுகள் கழித்து வந்தது. இசை ஏறக்குறைய அதேதான், ஆனால் வரிகள் அவர் வாயில் ஒட்டவில்லை. பாட்டுப் பட்டியலில் ‘எனர்ஜியா’ என்று இருந்தால் இத்தாலிய மூலம். அதையே வாங்குங்கள். அட்டையில் கருவின் படம் இருக்கும். வடிவமைத்தவர் ஜான்னி சாஸ்ஸி. அந்தக் காலத்தில் கடைகளில் வெளியே வைக்கவே தயங்கிய அட்டை.

சைன்அலை:
கருவி விசிஎஸ்3 என்ற சின்த், அதாவது மின்னணு முறையில் ஒலியை உண்டாக்கும் சின்தசைசர். லண்டனில் இஎம்எஸ் நிறுவனம் 1969-இல் கொண்டுவந்தது. இத்தாலியில் அதை முதலில் கைப்பற்றியவர்களில் பத்தியாத்தோவும் ஒருவர். கீபோர்டு தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டியது. பெட்டியில் மூன்று ஆசிலேட்டர் (ஒலி அலையை உண்டாக்கும் பகுதி), ஒரு ஜாய்ஸ்டிக், இரண்டு ஒலிகளைப் பெருக்கிப் புது ஒலி தரும் ஒரு ரிங் மாடுலேட்டர். கேபிள்களுக்குப் பதில் 16-க்கு 16 துளைகள் உள்ள பலகை. எந்தத் துளையில் பின்னைக் குத்துகிறோமோ, அந்த வரிசையும் அந்த நிரலும் இணையும். பின்னுக்குள்ளேயே ரெசிஸ்டர் (மின்தடை) இருக்கிறது. வெள்ளையும் சிவப்பும் 2.7 கிலோ ஓம். வெள்ளையில் 5 சதவீதம் வரை பிசகலாம், சிவப்பில் 1 சதவீதம்தான். அதனால் இரண்டு ஆசிலேட்டர்களைச் சுருதி பிசகாமல் ஓட்ட சிவப்பு. பச்சை 68 கிலோ ஓம், கட்டுப்பாடு மெலிதாக விழ வேண்டிய இடத்துக்கு.

எந்தப் பின் போட்டாலும் சுருதி நிலைக்காது. உள்ளே வெப்பம் மாறும்போது ஆசிலேட்டர் நகரும், மூன்றும் ஒரே அளவில் நகராது. ‘ஃபெனோமெனோலஜியா’ பாட்டில் சைன் அலைச் சமன்பாட்டையே பாடுகிறார்: இரண்டு அலைகள், வீச்சு ஒன்று, அதிர்வெண் ஒன்று, கட்டம் (அலை தன் சுற்றில் நிற்கும் இடம்) மட்டும் காமா அளவு வேறு. கணக்குப்படி காமா மாறாதவரை இரண்டின் கூட்டலும் அசையாத ஒரே சுருதிதான். காமா 180 பாகை என்றால் மௌனம், 90 என்றால் தனி அலையைப் போல 1.41 மடங்கு. ஆனால் இந்தப் பெட்டியில் இரண்டு ஆசிலேட்டர்கள் ஒரே அதிர்வெண்ணில் நிற்பதில்லையே, காமா ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நெளிவு பெரும்பாலும் அதுதான்.

கணினியில்: சைன் ஒன்று 220 ஹெர்ட்ஸ், இன்னொன்று 221, இரண்டும் சம அளவு. நொடிக்கு ஒரு ஏற்ற இறக்கம் கேட்கும். பிறகு இரண்டாவதை மெதுவான ரேண்டம் எல்எஃப்ஓவால் (காதுக்குக் கேட்காமல் மற்றதை மட்டும் ஆட்டும் தாழ் அதிர்வெண் ஆசிலேட்டர்) அரை ஹெர்ட்ஸ் முன்பின் ஆட்டுங்கள்.

பழையபக்கம்:
சின்த்தை விட்டு வெளியே வாங்கப்பா! இது ஒரு பாடகர்-பாடலாசிரியரின் ஆல்பம். கிட்டாரும் குரலும் வைத்து ‘ஊனா செல்லுலா’வைப் பாடினாலும் நிற்கும். வரிகளைப் பாருங்கள்: தலைப்புப் பாட்டில் இன்னும் பிறக்காத ஒருவன் ரத்த நாளங்கள் வழியே தன் விதியை நோக்கி இறங்குகிறான். ‘எனர்ஜியா’வில் ஒருவன் தன்னிடமிருந்து வீணாகிப்போன, பிறக்காத பிள்ளைகளைக் கணக்குப் பார்க்கிறான். கல்லூரி உயிரியல் தெரிந்தால் ‘காரியோசினேசி’, ‘அனஃபாசே’ என்ற தலைப்புகளே போதும், செல்லின் உட்கரு பிளப்பதிலிருந்து குரோமோசோம் விலகுவது வரை தெரிந்த பாடம். ஆல்பமே ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு, அதாவது குழந்தைகளைக் குடுவையில் வளர்க்கும் அவருடைய நாவலுக்குச் சமர்ப்பணம். இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் இசையமைப்பாளர் பாக்கின் மூன்றாம் ஆர்கெஸ்ட்ரா ஸ்வீட்டிலிருந்து ‘ஏர்’ வரும், அதன் மேல் அப்போலோ விண்வெளி வீரர்களின் பேச்சு. அங்கே மட்டும் கொஞ்சம் ஜோடனை என்பேன்.

இரண்டாம்பக்கம்:
சமர்ப்பணம் எல்லாம் சரி அண்ணே, ஆனால் அதே 1972-இல் வந்த அவருடைய ‘பொல்யூஷன்’ ஆல்பம் இதைவிடக் கட்டுக்கோப்பானது. ‘ஃபேத்துஸ்’ல் யோசனை ஒன்று முளைத்து வளர்வதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது. ‘சுல்லே கோர்தே தி ஆரியேஸ்’ (1973) கேட்டபின் திரும்பி வந்தால் இது வரைவுப் பிரதி மாதிரித் தெரியும்.

பழையபக்கம்:
தெரியட்டுமே. ‘ஆரியேஸ்’ முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, அங்கே குரல் வாத்தியத்துக்கு வழிவிடுகிறது. ஆள் பாட்டுக்காரனாக நிற்பது இதில்தான். 1981 ஆல்பத்திலிருந்து வருகிறவருக்கு இதுதான் கிட்ட.

மெட்டுக்காரன்:
ஹெட்போனில் துடிப்பு கேட்டுவிட்டது, நன்றி. 220, 221 போட்டுப் பார்த்தேன். நெளிவு வருகிறது, ஆனால் ஒவ்வொரு சுரமும் ஒரே மாதிரி ‘டப்’பென்று பலமாகத் தொடங்குகிறது. ஏன்?

சைன்அலை:
உங்கள் சின்த்தில் ஃபேஸ் ரீட்ரிகர் ஆன் ஆகியிருக்கிறது. சுரம் அழுத்தும்போதெல்லாம் இரண்டு அலையும் பூஜ்யத்திலிருந்து சேர்ந்தே கிளம்புவதால் முதலில் எப்போதும் உச்சம்தான். அதை அணைத்து ஆசிலேட்டர்களை ‘ஃப்ரீ ரன்’னில் விடுங்கள். அப்படியும் ‘டப்’ இருந்தால் அட்டாக்கை (ஒலி முழு பலத்துக்கு எழ எடுக்கும் நேரத்தை) 20 மில்லிசெகண்டுக்கு ஏற்றுங்கள். கோரஸ் எஃபெக்ட் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், அது தாமதித்த நகலைக் கலப்பது, நெளிவு ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப வந்து காட்டிக்கொடுத்துவிடும்.